கிணற்றடி நீரும் மண்புழுவும்: வீட்டுச் சுத்திகரிப்புப் பொருள்களை மண்ணில் சோதித்துப் பார்க்கும் முறை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களில், குழாய் நீர் வந்துவிட்ட வீடுகளிலும்கூட, துணி துவைப்பதும் சட்டிபானை கழுவுவதும் இன்றும் பெரும்பாலும் கிணற்றடியிலேயே நடக்கின்றன. அந்த நீர் சிறு வாய்க்கால் வழியே ஓடி வாழையடியிலோ தென்னையடியிலோ இறங்கிவிடுகிறது. ஒரு மாரியில் என் கிணற்றடி வாழைகளின் அடி மண்ணைக் கிளறியபோது அதில் ஒரு மண்புழுகூட இருக்கவில்லை. பத்துக் காலடி தள்ளி, பழைய வாழைத்தண்டு உக்கிக் கிடந்த இடத்தில் ஒரே ஒரு மண்வெட்டி மண்ணில் ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்தன. சவர்க்காரத் தண்ணீர்தான் புழுக்களைக் கொன்றுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் உடனே முடிவு கட்டிவிட்டோம். ஆனால் கிணற்றடியில் மண் மிதிபட்டு இறுகியிருந்தது, சருகு எதுவும் இருக்கவில்லை, நாள் முழுவதும் வெயில் விழுந்தது. இவற்றுள் எது காரணம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும். அதை வீட்டிலேயே, பெரிய செலவில்லாமல், ஆனால் கணக்குத் தவறாமல் செய்வது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன். சாதாரண தர, உயர்தர மாணவர்கள் செயற்றிட்டமாகவும் இதனை எடுத்துச் செய்யலாம்.

மண்புழுவைக் கொண்டு மண்ணின் நச்சுத்தன்மையைச் சோதிப்பது புதிய முறை அன்று. ஓ.ஈ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1984இல் இதற்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி 14 நாள்கள் புழுக்களை மருந்திட்ட, அதாவது சோதிக்கும் பொருளைக் கலந்த, மண்ணில் வைத்து, 7ஆம் நாளும் 14ஆம் நாளும் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று எண்ணுவார்கள். புழுக்கள் பெருகுவதைப் பார்க்கும் 8 கிழமைச் சோதனையை அதே அமைப்பு 2004இல் வெளியிட்டது. இரண்டு பக்க மண்ணுள் புழு எந்தப் பக்கத்தைத் தெரிவு செய்கிறது என்பதை 48 மணித்தியாலங்களில் காட்டும் விலகல் சோதனையைச் சர்வதேச நியமங்களுக்கான அமைப்பு 2008இல் நியமமாக்கியது. வீட்டில் செய்வதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த மூன்றாவதையே. புழு சாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தனக்கு ஒவ்வாத மண்ணை விட்டு அது தானாகவே விலகிப் போவதை எண்ணினால் போதும். உயிரைக் கொல்லாமல் விடை கிடைக்குமானால் அந்த வழியையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புழு ஏன் இவ்வளவு விரைவாகக் காட்டிக் கொடுக்கிறது என்பதை அறிந்திருந்தால் நீங்கள் காண்பவற்றுக்குப் பொருள் விளங்கும். மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரமான தோலின் வழியாகவே அது ஒட்சிசனை எடுக்கிறது. அந்தத் தோலின் மேலுள்ள சளிப்படையை, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவென்றே ஆக்கப்பட்ட பொருள் கழுவி அகற்றிவிடுகிறது. வெளிற்றும் திரவத்தில் உள்ள சோடியம் ஐப்போகுளோரைற்று மிகுந்த காரத்தன்மை உடையது. தொட்ட சேதனப் பொருளையெல்லாம் ஒட்சியேற்றும். மலசலகூடத்துக்குப் பயன்படுத்தும் திரவங்கள் பலவற்றில் ஐதரோக்குளோரிக் அமிலம் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் புழுவை வெவ்வேறு வழியில் தாக்குவதால், சுத்திகரிப்புப் பொருள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சோதிப்பதில் பயனில்லை.

அதில் ஆபத்தும் உண்டு. வெளிற்றும் திரவத்தையும் மலசலகூட அமிலத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். குளோரீன் வாயு வெளிவரும், அது மூச்சுக்குழாயைப் பாதிக்கும். அமோனியா கலந்த பொருளோடு சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். ஒரு நாளில் ஒரு பொருளை மட்டும், திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு அளவிடுங்கள். மாணவர்கள் செய்வதாயின் கரைசல் தயாரிக்கும் வேளையில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அளவைத் தீர்மானித்தல்

இவ்வகைச் சோதனைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது அளவில்தான். போத்தலிலிருந்து நேரே மண்ணில் ஊற்றி, புழு செத்ததைக் காட்டி, இந்தப் பொருள் நஞ்சு என்று எழுதுவதால் எவருக்கும் எதுவும் தெரியவராது. உப்பை அள்ளிக் கொட்டினாலும் புழு சாகும். நம் வீட்டுக் கிணற்றடியில் உண்மையாக விழும் அளவில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. எனவே முதல் வேலை, ஒரு கிழமைக்கு வீட்டில் எவ்வளவு பொருள் எவ்வளவு நீரில் கரைந்து எங்கே போகிறது என்பதை ஒரு கொப்பியில் குறிப்பது.

சலவைத்தூளை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 10 லீற்றர் வாளிக்கு 30 கிராம் தூள் போட்டால், நீரில் லீற்றருக்கு 3 கிராம் இருக்கும். அந்த ஒரு வாளி நீர் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழுகிறது என்று கொள்வோம். மேல்மண்ணின் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில், மணல் மண்ணாயின், ஏறக்குறைய 150 கிலோகிராம் மண் இருக்கும். 30 கிராமை 150 கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ மண்ணுக்கு 0.2 கிராம். கிழமைக்கு இரண்டு தடவை துவைத்தால் மாதத்தில் எட்டு வாளி. எதுவும் சிதையாமலும் கீழே கழுவுண்டு போகாமலும் தங்கினால் கிலோவுக்கு 1.6 கிராம். உண்மை நிலை இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே சோதிக்கும் அளவுகள் இந்த எல்லைக்குள் பரந்திருக்க வேண்டும்.

கரைசல்களைப் பின்வருமாறு தயாரியுங்கள். ஒரு லீற்றர் நீரில் 12 கிராம் தூளைக் கரைத்துத் தாய்க் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரை லீற்றரை எடுத்து அரை லீற்றர் நீரோடு கலந்தால் லீற்றருக்கு 6 கிராம் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து அரை லீற்றரை எடுத்து அதேபோல் கலந்தால் 3, பின்னர் 1.5, பின்னர் 0.75. ஐந்து செறிவுகளும் இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்துவிடும். ஒரு தடவை மட்டும் சரியாக நிறுத்தால் போதும். நிறுப்பதற்குச் சமையலறைத் தராசைவிட, நகை நிறுக்கும் சிறிய மின்தராசு ஏற்றது. திரவப் பொருளாயின் ஊசி இல்லாத சிரிஞ்சால் மில்லிலீற்றர் கணக்கில் அளந்து, இதே போல் பாதி பாதியாக ஐதாக்குங்கள். வெளிற்றும் திரவம் வைத்திருக்க வைத்திருக்க வலுவிழப்பதால், புதிதாகத் திறந்த போத்தலையே பயன்படுத்தி, திறந்த திகதியையும் எழுதி வையுங்கள்.

மண்ணும் நீரும்

கழுவுநீர் ஒருபோதும் விழாத இடத்து மேல்மண்ணை எடுத்து, நிழலில் உலர்த்தி, அரிதட்டில் அரித்துக் கல்லையும் வேரையும் நீக்குங்கள். வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் 70 வீதம் படிகமணல், 20 வீதம் கயோலின் களி, 10 வீதம் பீற் எனும் உக்கல் கலந்த செயற்கை மண்ணைப் பயன்படுத்துவார்கள். வெப்ப நாடுகளில் பீற்றுக்குப் பதிலாகத் தும்புத்தூள் கலப்பதும் உண்டு. வேறொரு ஊரில் செய்பவரோடு உங்கள் முடிவை ஒப்பிட வேண்டுமானால் அந்தக் கலவை உதவும். உங்கள் வளவைப் பற்றிய கேள்விக்கு உங்கள் வளவு மண்தான் ஏற்றது. எழுவான்கரையின் வெறும் மணலில் புழு நன்றாகத் தங்காது. அதனால் பத்தில் ஒரு பங்கு நன்கு உக்கிய கூட்டெருவை எல்லாப் பெட்டி மண்ணுக்கும் ஒரே அளவாகக் கலந்துகொள்ளலாம். மாட்டெருவாயின், அண்மையில் பூச்சிமருந்து கொடுத்த மாட்டின் எருவைத் தவிர்க்க வேண்டும். ஐவர்மெக்ரின் போன்ற மருந்துகள் சாணத்தோடு வெளியேறி, அதில் வாழும் உயிர்களைத் தாக்கக் கூடியவை.

அடுத்து, மண் எவ்வளவு நீரைப் பிடிக்கும் என்று அறிய வேண்டும். அடியில் சிறு துளைகள் இட்ட தகரப் பேணியில் துணித்துண்டொன்றை விரித்து, 500 கிராம் உலர் மண்ணை இட்டு, நீருள்ள சட்டியில் சில மணித்தியாலம் அமிழ்த்தி வைத்து, பின்னர் தூக்கி இரண்டு மணித்தியாலம் வடியவிட்டு நிறுங்கள். கூடிய நிறையே அந்த மண் பிடித்த நீர். அது 140 கிராம் என்றால், சோதனைப் பெட்டியில் அதன் பாதியான 70 மில்லிலீற்றரை மட்டும் ஊற்ற வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும். நீர் ஒழுகக் கூடாது. லீற்றருக்கு 3 கிராம் கரைசலில் 70 மில்லிலீற்றரை 500 கிராம் மண்ணுக்கு ஊற்றினால், கிலோ மண்ணுக்கு 0.42 கிராம் தூள் சேரும். 12 கிராம் கரைசலாயின் 1.68 கிராம். மேலே போட்ட மாதக் கணக்கான 1.6 கிராமோடு அது ஏறத்தாழப் பொருந்துவதைக் காண்பீர்கள்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயற்புறத்துக் களிமண்ணையும் சேர்த்துச் சோதிக்க விரும்புவோர், அந்த மண்ணுக்கென இந்த அளவீட்டைத் தனியாகச் செய்ய வேண்டும். களி கலந்த மண் மணலைவிட அதிக நீர் பிடிப்பதால், ஒரே அளவு நீரை இரண்டிலும் ஊற்றினால் ஒன்று சேறாகவும் மற்றது காய்ந்தும் இருக்கும். அப்போது புழு விலகுவது ஈரத்தினாலா சவர்க்காரத்தினாலா என்று பிரித்தறிய இயலாது. நீர் அளவு மாறும்போது கிலோ மண்ணுக்கான தூளின் அளவு மாறாதபடி செறிவைத் திருத்திக்கொள்ள மறவாதீர்கள்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். வாவியோரக் கிணறுகளில் கோடை முற்றும்போது உவர் ஏறும். வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரீன் இடுவார்கள். இந்த இரண்டு காலத்து நீரும் சோதனைக்கு ஆகாது. சேமித்த மழைநீர் மிக நல்லது. குழாய் நீராயின் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு எடுங்கள். எந்த நீரானாலும் எல்லாப் பெட்டிக்கும் அதுவே இருக்க வேண்டும்.

புழுக்கள்

ஆய்வுகூடங்களில் பயன்படும் ஐசீனியா பெற்றிடா என்ற செந்நிறப் புழு, வளர்ப்பதற்கு எளிது என்பதாலேயே தெரிவு செய்யப்பட்டது. அது எருவில் வாழ்வது. நம் வாழையடி மண்ணில் வாழ்வதன்று. மண்புழு உரம் செய்பவர்களிடம் கிடைக்கும் உரப்புழுக்களும் அத்தகையவையே. அவற்றைக் கொண்டு பழகலாம். ஆனால் கிணற்றடி மண்ணைப் பற்றிய முடிவுக்கு வளவிலேயே வாழும் புழுவைச் சேகரிப்பது மேல். உக்கிய வாழைத்தண்டின் கீழும், எருக்குவியலின் ஓரத்திலும், மாரி காலத்தில் கையால் தோண்டி எடுங்கள். சவர்க்கார நீரையோ கடுகு கரைத்த நீரையோ ஊற்றிப் புழுவை மேலே வரச்செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படி எடுத்த புழு ஏற்கனவே தாக்கப்பட்ட புழு. இச்சோதனைக்கு அது வேண்டாம். கழுவுநீர் விழும் இடத்துப் புழுவும் வேண்டாம். அங்கே தப்பி நிற்பவை அந்த நீருக்குப் பழகியவையாக இருக்கலாம்.

ஒரே வகையாக, ஏறத்தாழ ஒரே பருமனாக, உடலின் முற்பகுதியில் பட்டிபோல் தடித்த சேணம் தெளிவாகத் தெரியும் முதிர்ந்த புழுக்களைத் தெரியுங்கள். மருந்து கலவாத அதே சோதனை மண்ணில் ஒரு நாளாவது அவற்றைப் பழகவிடுங்கள். கையில் எடுக்கும்போது விரல் நனைந்திருக்க வேண்டும். கையில் சவர்க்காரம் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி வசனத்தை நான் அனுபவத்தால் எழுதுகிறேன். என் முதற்சோதனையில் மருந்திடாத பெட்டியிலும் பாதிப் புழுக்கள் செத்தன. மண்ணையும் நீரையும் எருவையும் மாறிமாறிச் சந்தேகித்த பின்னரே, பெட்டிகளைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, சரியாக அலசாமல் துடைத்து வைத்திருந்தது தெரியவந்தது. மூடியின் உட்புறத்தில் நீர் ஊற்றிக் குலுக்கியபோது நுரை எழுந்தது. அந்த இரண்டு கிழமை வேலையும் வீணாயிற்று, புழுக்களும் வீணாயின. பெட்டிகளை வெந்நீரும் சுத்தமான தும்பும் கொண்டு மட்டும் தேய்த்து, குறைந்தது ஐந்து தடவை அலசி வெயிலில் காயவிடுங்கள்.

விலகல் சோதனை

இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி இதற்கு அளவாக இருக்கும். நடுவில் ஒரு மட்டையைத் தடுப்பாக நிறுத்தி, ஒரு பக்கம் வெறும் நீரால் ஈரமாக்கிய 500 கிராம் மண்ணையும், மறுபக்கம் கரைசலால் ஈரமாக்கிய 500 கிராம் மண்ணையும் இடுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தடுப்பை மெல்ல உருவி எடுத்து, அது நின்ற கோட்டின் மேல் பத்துப் புழுக்களை வரிசையாக வையுங்கள். சில நிமிடங்களில் அவை உள்ளே இறங்கிவிடும். துணியால் மூடி, துளையிட்ட மூடியைப் பொருத்தி, ஓடிப்போகாதபடி இறப்பர் வளையம் போட்டு, 48 மணித்தியாலம் அசையாமல் வையுங்கள்.

இறங்கும் அந்தச் சில நிமிடங்களை நின்று பாருங்கள். லீற்றருக்கு 12 கிராம் கரைசலில் நனைத்த பக்கத்தை நோக்கிப் புழு தன் முன்நுனியை நூல்போல மெலிதாக்கி நீட்டும், மண்ணைத் தொடும், தொட்டதும் சட்டென உள்ளிழுத்துத் தடிக்கும், மீண்டும் சற்றுத் தள்ளி நீட்டும். இப்படி மூன்று நான்கு தடவை தடவிப் பார்த்துவிட்டு, உடல் முழுவதையும் வளைத்து மறுபக்கம் திரும்பும். உரப்புழுவாயின் சில வேளைகளில் தோலிலிருந்து மஞ்சளான, மணமுள்ள திரவம் கசியும். அது புழு மிகுந்த நெருக்கடியில் இருப்பதற்கு அடையாளம். இவற்றைக் கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். எண்ணிக்கை சொல்லாத பலவற்றை இந்தக் குறிப்புகள் சொல்லும்.

48 மணித்தியாலம் முடிந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன்னர், தடுப்பை அதே கோட்டில் திரும்ப இறக்குங்கள். மூடியைத் திறந்து தேடத் தொடங்கிவிட்டால் புழுக்கள் பக்கம் மாறிவிடும். பின்னர் இரு பக்க மண்ணையும் தனித்தனித் தாள்களில் கொட்டி எண்ணுங்கள். கோட்டில் அகப்பட்ட புழுவைப் பக்கத்துக்கு அரையாகக் கணக்கிடுவது வழக்கம். எந்தப் பக்கம் எது என்பதை அறியாத ஒருவரைக் கொண்டு எண்ணுவித்தால் இன்னும் நல்லது. மூடியில் அ, ஆ என்று மட்டும் எழுதிவிட்டு, எந்த எழுத்து எந்தப் பக்கம் என்ற குறிப்பை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் தங்கச்சியின் மகள்தான் எண்ணுவாள். அவளுக்கு எந்தப் பக்கமும் வெல்ல வேண்டும் என்ற ஆசை இல்லை.

மருந்துப் பெட்டிகளோடு, இரு பக்கமும் வெறும் நீர் மட்டும் ஊற்றிய பெட்டிகளையும் கட்டாயம் வையுங்கள். இதுவே கட்டுப்பாட்டுப் பரிசோதனை. அதில் புழுக்கள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். ஒரே பக்கம் குவிந்திருந்தால் ஒளியோ வெப்பமோ ஈரமோ ஒருபக்கமாக இருக்கிறது என்று பொருள். அதைத் திருத்தாமல் மற்றைய பெட்டிகளை நம்ப முடியாது. தொடக்கத்துக்குக் கட்டுப்பாடு 3 பெட்டி, லீற்றருக்கு 3 கிராம் கரைசல் 3 பெட்டி, 12 கிராம் கரைசல் 3 பெட்டி என ஒன்பது பெட்டிகளும் 90 புழுக்களும் போதும். விடை எங்கே மாறுகிறது என்று கண்டபின் இடையிலுள்ள 6 கிராம் கரைசலையும், தேவையானால் கீழுள்ளவற்றையும் சோதியுங்கள்.

எண்ணிக்கையை வாசிக்கும்போது அவசரம் கூடாது. மருந்திட்ட பக்கத்தில் பத்தில் இரண்டுக்கும் குறைவான புழுக்களே இருந்தால், அந்த மண் வாழிடமாகும் தகுதியில் குன்றிவிட்டது என்று நியமம் கொள்கிறது. ஆனால் எந்த மருந்தும் இல்லாமலே, நாணயம் சுண்டுவது போன்ற தற்செயலால், ஒரு குறித்த பக்கத்தில் இரண்டோ அதற்குக் குறைவோ இருப்பது 100 பெட்டிக்கு ஐந்தாறு பெட்டிகளில் நிகழும். அதனால் ஒற்றைப் பெட்டியை வைத்துப் பேச முடியாது. மூன்று பெட்டிகளையும் சேர்த்து 30 புழுக்களில் பத்தோ அதற்குக் குறைவோ மருந்துப் பக்கத்தில் இருந்தால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பும் 100க்கு 5 அளவில்தான். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: புழுக்கள் ஒன்றோடொன்று திரளும் இயல்புடையவை, ஒன்று போன பக்கம் மற்றதும் போகும். ஆகவே இந்தக் கணக்கை மிகக் கண்டிப்பாகக் கொள்ளாமல், வேறொரு நாளில் புதிய புழுக்களைக் கொண்டு இன்னொரு தடவை செய்து, அதே முடிவு வருகிறதா என்று பாருங்கள்.

பதினான்கு நாள் சோதனை

விலகல் சோதனையில் புழுக்கள் விலகாத பொருளுக்கு இதைச் செய்யத் தேவை குறைவு. விலகிய பொருளுக்கு மட்டும், விலகிய செறிவிலும் அதற்குக் கீழும் செய்யுங்கள். 500 கிராம் மண் முழுவதையும் ஒரே கரைசலால் ஈரமாக்கி, பத்துப் புழுக்களை ஒன்றாக நிறுத்து இடுங்கள். 7ஆம் நாள் மண்ணைக் கொட்டி எண்ணி, மீண்டும் அதே மண்ணில் விடுங்கள். 14ஆம் நாள் மறுபடி எண்ணி நிறுங்கள். முன்நுனியை ஈரக் குச்சியால் மெல்லத் தொட்டும் அசையாத புழு இறந்ததாகக் கொள்ளப்படும். நம் வெப்பத்தில் செத்த புழு ஓரிரு நாளில் கரைந்து மண்ணோடு சேர்ந்துவிடுமாதலால், மூடி சரியாக இருந்த பெட்டியில் காணாமற்போன புழுவையும் இறந்ததாகவே எழுத வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் சோதனை செல்லாது.

சாகாவிட்டாலும் கட்டுப்பாட்டுப் பெட்டிப் புழுக்களைவிட நிறை கூடுதலாகக் குறைந்திருந்தால் அதுவும் விடைதான். மருந்து மண்ணில் புழு சரியாக உண்ணாமல் கிடந்திருக்கலாம்.

வெப்பத்தைத்தான் இங்கே மிகக் கவனிக்க வேண்டும். ஆய்வுகூடச் சோதனை 20 பாகை செல்சியசில் நடப்பது. நம் விறாந்தையில் நண்பகலில் 30 பாகையைத் தாண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெட்டியின் மேல்மண் ஒரே பகலில் காய்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களே இச்சோதனைக்கு உகந்தவை. பெட்டிகளை வீட்டின் உள்ளே, வெயில் படாத சீமெந்து நிலத்தில், ஈரச்சாக்கின் மேல் அடுக்கி, தினமும் ஒரே நேரத்தில் வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியை நிறுத்து, குறைந்த நிறைக்கு ஈடாக வெறும் நீரைத் தெளியுங்கள். கரைசலை மீண்டும் தெளிக்கக் கூடாது.

காரணத்தைப் பிரித்தறிதல்

சலவைத்தூளில் அழுக்கை நீக்கும் பொருளோடு சலவைச்சோடாவும் வேறு சோடிய உப்புகளும் இருக்கும். புழு விலகியது எதனால் என்று அறிய, நிறத்தாளால் கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானத்தை அளந்து, அதே பெறுமானம் வரும்வரை வெறும் சலவைச்சோடாவை நீரில் கரைத்து, அதற்கும் மூன்று பெட்டி வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு விலகினால் காரத்தன்மையே முதன்மைக் காரணமாக இருக்கலாம். தூளுக்கு மட்டும் விலகினால் வேறு பொருளைத் தேட வேண்டும்.

இன்னொன்று, காலம். வெளிற்றும் திரவம் மண்ணின் சேதனப் பொருளோடு விரைவில் தாக்கமுற்றுத் தன் வலுவை இழந்துவிடும். சலவைத்தூளின் முதன்மையான நுரைப்பொருள்கள் காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்களால் சில நாள் முதல் சில கிழமைகளுள் சிதைக்கப்படுகின்றன. நீர் தேங்கி நாறும் குழியில், ஒட்சிசன் இல்லாமையால், அந்தச் சிதைவு நின்றுபோகிறது. இதைக் கண்ணால் காண, ஒரே நாளில் மருந்திட்ட மண்ணில் பாதியை அன்றே சோதித்து, மீதியை ஈரம் குறையாமல் மூடி வைத்து ஏழு நாள் கழித்துச் சோதியுங்கள். அன்று விலகிய புழுக்கள் ஏழாம் நாள் சரிபாதியாகப் பிரிந்திருந்தால், கழுவுநீரை ஒரே இடத்தில் நாள்தோறும் விடாமல் இரண்டு மூன்று வாய்க்கால்களாகப் பிரித்து முறைவைத்து விடுவதில் பயன் உண்டு என்று தெரிந்துகொள்வீர்கள். நிலம் கழுவும் கிருமிநாசினிகள் சிலவற்றிலுள்ள பென்சல்கோனியம் குளோரைட்டு நேரேற்றமுடையது. களியோடு இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே எழுவான்கரை மணலில் புழுவை விரட்டும் அளவு, படுவான்கரைக் களிமண்ணில் விரட்டாமல் இருக்கலாம். இரண்டு மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மரபான பொருள்களையும் ஒதுக்காதீர்கள். சட்டி தேய்க்கும் விறகுச் சாம்பல் கடுமையான காரம். தேசிக்காயும் புளியும் அமிலம். சீயக்காயில் உள்ள சப்போனினும் நுரைக்கும் பொருளே, தோலின் சளியைக் கழுவும் இயல்பு அதற்கும் உண்டு. இயற்கைப் பொருள் என்பதால் புழுவுக்குத் தீங்கில்லை என்று சோதிக்காமல் எழுதுவது முறையன்று. இவற்றையும் அதே பெட்டியில், அதே கணக்கில் வையுங்கள்.

முடிந்த பின்னர், கட்டுப்பாட்டுப் பெட்டியின் வளவுப் புழுக்களை எடுத்த இடத்திலேயே, மாலையில், ஈரமண்ணில் விடுங்கள். மருந்துப் பெட்டியில் உயிர்தப்பிய புழுக்களை இன்னொரு சோதனைக்கு எடுக்காமல், சுத்தமான எருமண் நிரப்பிய தனிச் சட்டியில் விட்டுவையுங்கள். உரப்புழுக்களை வளவில் விடாமல் உரக்குவியலுக்கே திருப்பிவிடுங்கள். மருந்திட்ட மண்ணைக் கிணற்றுக்கும் வாவிக்கும் எட்டத்தில், மரங்கள் இல்லாத மேட்டில் மெல்லிய படையாகப் பரப்புங்கள். கரைசல் மிச்சமிருந்தால் அதை வாய்க்காலில் ஊற்றிவிடாமல், நிறைய நீர் சேர்த்து ஐதாக்கி மலசலகூடக் குழிக்கு விடுங்கள். ஆனால் அந்தக் குழிக்கு அன்று அமிலம் ஊற்றியிருந்தால் வெளிற்றும் திரவத்தை மறுநாளுக்கு வைத்துவிடுங்கள்.